அவசரக் கூட்டத்தின் நிறுவனர்

"என்னை இந்த பேண்டை விட்டு நீக்குறவன் இன்னும் பிறக்கலடா!"

நிறுவனர் இதை முழங்கியபோது அவருக்கு வயது இருபத்தேழு. இடம், ஒரு டயர் கடையின் பின்கட்டு. கேட்டவர்கள் ஒரு டிரம்மர், ஒரு பேஸ் கிட்டார்காரர், சுமார் இருநூறு டயர்கள். யாரை நோக்கி முழங்கினாரோ அந்த நண்பன் தன் மைக் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. 'அவசரக் கூட்டம்' என்று இசைக்குழுவுக்குப் பெயர் வைத்ததும், முதல் ஐந்து பாட்டுக்கு வரி எழுதியதும், அந்த வரிகளைத் தொண்டை கிழியக் கத்தியதும் அவன்தான். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அவனை நிறுவனர் நீக்கியிருந்தார். அவன் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "இன்னிக்கு நான். ஒரு நாள் உன்னையும் இதே மாதிரி அனுப்புவாங்க, பார்த்துக்கிட்டே இரு" என்று சொல்லித் தொலைத்தான். அதற்குப் பதிலாகத்தான் மேற்படி முழக்கம்.

அவசரக் கூட்டம் வாசித்தது கிராஸ்ஓவர் த்ராஷ். இது தெரியாமல் இதுநாள்வரை நிம்மதியாக இருந்தவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பங்க் என்று ஒரு கூட்டம் உண்டு. கையில் கோபம் மட்டும் இருக்கும், வாசிப்பு இருக்காது. மெட்டல் என்று இன்னொரு கூட்டம். விரல் வித்தை நிறைய இருக்கும், பாட்டை முடிக்கத்தான் மனசு வராது. இந்த இரண்டு வீட்டாரும் சண்டையை மறந்து சம்பந்தி ஆனபோது பிறந்த பிள்ளைதான் கிராஸ்ஓவர் த்ராஷ். பாட்டு ஒன்றரை நிமிஷம் தாண்டினால் நீளம் என்று முகம் சுளிப்பார்கள். கூட்டத்தின் புகழ்பெற்ற பாடல் 'லிஃப்ட் வேலை செய்யவில்லை'. முழுப் பாட்டும் இவ்வளவுதான்: லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியில் ஏறவும், சிரமத்துக்கு வருந்துகிறோம், வருந்தவில்லை, வருந்தவில்லை, வருந்தவில்லை.

நண்பன் நீக்கப்பட்ட காரணம் இசை வரலாற்றில் வேறெங்கும் கிடைக்காது. குழு தொடங்கிய இரண்டாம் வருஷம் ஐந்து பாட்டையும் ஒரு டேப் ரெக்கார்டரில் பதிந்து, ஐம்பது கேசட் நகல் எடுத்தார்கள். நகல் எடுத்த கேசட் டெக்கில் ஏதோ கோளாறு. கொஞ்சம் வேகமாக ஓடியது. ஒரு நிமிஷம் இருபது நொடி இருந்த லிஃப்ட் பாட்டு, கேசட்டில் ஒரு நிமிஷம் பத்து நொடியில் முடிந்துவிட்டது. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். "என்னப்பா இது, ரயில் மாதிரி போகுது!" என்றார்கள். கேசட்டைக் கேட்டுவிட்டு நேரில் பார்க்க வந்தவர்களோ, "கேசட்ல இருந்த வேகம் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் டெக்கைப் பழுது பார்த்திருப்பார்கள். நிறுவனர் குழுவைப் பழுது பார்த்தார்.

"டெக் தப்பா ஓடுதுடா. நாம வாசிச்சது அது இல்லை" என்றான் நண்பன்.

"டேப்ல பாடுறது யாரு?"

"நான்தான்."

"டேப்ல உன்னால முடியுது. நேர்ல ஏன் முடியலை?"

  அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு 'டயர் பார்த்தல்' நடந்தது.

டயர் பார்த்தல் என்பது நிறுவனர் கண்டுபிடித்த தேர்வு முறை. சேர வருகிறவர்களும், சேர்ந்தபின் சந்தேகத்துக்கு ஆளானவர்களும் பின்கட்டின் நடுவில் நின்று ஒரு பாட்டைத் தனியாக வாசிக்க வேண்டும். மற்ற எல்லாரும் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி, அடுக்கி வைத்த டயர்களையே பார்த்துக்கொண்டு கேட்பார்கள். முகம் பார்த்தால் இரக்கம் வரும், சிநேகம் குறுக்கே வரும், காது பொய் சொல்லும் என்பது நிறுவனரின் சித்தாந்தம். தப்பு காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒருவர் திரும்பினாலும் தீர்ந்தது, ஆள் வெளியே. பேச்சு வார்த்தை கிடையாது. நண்பன் பாடியபோது மற்ற இருவரும் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனர்தான் திரும்பினார். வாளி தரையில் உரசிய சத்தம் அவருக்கு நினைவிருக்கிறது. மனசில் என்ன ஓடியது என்று கேட்டால், ஒன்றும் ஓடவில்லை என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

அதன்பின் இருபத்திரண்டு வருஷத்தில் பதினாலு பேர் அதே வழியில் போனார்கள். நண்பனையும் சேர்த்து ஆக மொத்தம் பாடகர் மூன்று, டிரம்மர் இரண்டு, பேஸ் கிட்டார் பத்து. பேஸ் வாசிப்பவர்கள் ஏன் அப்படி உதிர்ந்தார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. சிலர் தாங்களாகவே விலகினார்கள். ஆனால் நிறுவனரின் அகராதியில் விலகல் என்ற சொல் கிடையாது. நாலாவது பேஸ்காரர் வெளியூரில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, பஸ் நிலையம் வரைக்கும் ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உன்னை நீக்கியாச்சு!" என்று அறிவித்துவிட்டுத்தான் திரும்பினார். "சரிண்ணே, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று அந்த மனிதர் கையாட்டினாராம்.

புதிய ஆள் வரும்போதெல்லாம் கேசட்டைக் கொடுத்து, "இதைக் கேட்டுப் படிச்சுக்கிட்டு வா" என்பார்கள். படித்து வந்தபின் புதிய ஆளோடு ஒரு புதிய பதிவு. அதை நகல் எடுக்க அதே டெக். டெக் தன் கடமையில் தவறவில்லை. ஒரு நிமிஷம் பத்து நொடி ஒரு நிமிஷம் ஒன்றானது. அது ஐம்பத்து மூன்று நொடியானது. அதற்குப் பிறகு டெக் செத்துவிட்டதால் மனித குலம் தப்பித்தது. "ஊரிலேயே வேகமான பேண்ட்" என்று பெயர் வந்தது. ஐம்பத்து மூன்று நொடி என்பது சட்டமானது.

ஞாயிறு போக மற்ற ஆறு நாளும் நிறுவனர் தரை பாலிஷ் போடுகிறவர். புதுக் கட்டடங்களில் ஜன்னல் மாட்டுவதற்கு முன்பே போய்விடுவார். மிஷினுக்கு அடியில் முதலில் சொரசொரப்பான கல்லைப் பொருத்தி, தண்ணீர் ஊற்றி ஒரு ஓட்டு. பிறகு அதைவிட நைசான கல், அதைவிட நைசான கல், கடைசியில் பவுடர். மாலையில் முழங்கால் வரைக்கும் வெள்ளைச் சேறு காய்ந்திருக்கும். மிஷினின் இரண்டு கைப்பிடியும் நாள் முழுக்க உதறும். அந்த உதறலைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலையே. முப்பது வருஷம் பிடித்தார்.

கல்யாணமும் இசைத் தொண்டின் ஒரு பகுதியாகவே நடந்தது. டயர் கடைக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டார். பயிற்சிக்கு நிரந்தரமாக இடம் வேண்டும் என்பதற்காகத்தான் கட்டிக்கொண்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் மனைவியே சொல்வார். மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கணக்காக லென்ஸ் பொருத்துகிறவர், எதையும் கூர்ந்து பார்த்துப் பழகியவர். அவருடைய தம்பி வளர்ந்து கடையையும் எடுத்துக்கொண்டு, மூன்றாவது டிரம்மராகவும் உட்கார்ந்தார்.

கை மரத்துப்போனதை முதலில் கண்டுபிடித்ததும் மனைவிதான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நிறுவனர் வெறுங்கையால் தூக்கிக்கொண்டு, "இதை எங்க வைக்க?" என்று நிதானமாகக் கேட்டார்.

"கீழே வைங்க! சுடலையா?"

"சுடுதா என்ன?"

வலது கை நாலு விரலும் வெளுத்திருந்தன. மருத்துவரிடம் போனார்கள். அவர் நிறுவனரைக் கண்ணை மூடச் சொன்னார்.

"ஊசி குத்துறது தெரிஞ்சா சொல்லுங்க."

"சரி, குத்துங்க."

"அஞ்சு தடவை குத்திட்டேன்."

மிஷினை விட வேண்டும் என்றார் மருத்துவர். கையை அதிர வைக்கும் வேறு எதுவும் செய்கிறீர்களா என்று கேட்டார். ஒரு நொடிக்குப் பதினைந்து தடவை கம்பியை அடிப்பேன் என்று நிறுவனர் சொன்னதும், பேனாவை மூடி வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

கேட்டுவிட்டு வந்த நிறுவனருக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. விரலில் இருந்த மரமரப்பு மெல்ல மேலே ஏறி எங்கெங்கோ பரவிவிட்டதுபோல் இருந்தது. மிஷினை விட்டால் சோறு இல்லை. பேண்டை விட்டால் என்ன இல்லை என்று யோசித்துப் பார்த்தார்.  அந்தக் கேள்வியைத் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. ஊரில் அவருக்கு இருந்த பெயரே 'நிறுவனர்'தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சேறு காய்ந்த இரண்டு கால்.

கிட்டார் கம்பியை மீட்டுகிற பிக் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. கம்பியில் சத்தம் நின்றால்தான் நழுவிவிட்டது தெரியும். ஒரு ஞாயிறு அவர், மைத்துனர் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை எடுத்து, பிக்கைக் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டார். பிரமாதமாகப் பிடித்தது. பயிற்சி முடிந்தபின்னும் பிடித்தது. பிக்கோடு பஸ் ஏறி, பிக்கோடு வீட்டுக்கு வந்து, பிக்கோடு சாப்பிட உட்கார்ந்தார்.

"இது என்ன, புது நகமா?" என்றார் மனைவி.

"ஒட்டிக்கிச்சு."

"ஒட்டிக்கிச்சா, ஒட்டினீங்களா?" மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அரை மணி நேரம் தேய்த்து உரித்தார். "உங்க பேண்ட்ல நீக்க ஆள் கிடைக்கலைன்னா சொல்லுங்க, விரலை நீக்கிடலாம்."

தோலோடு வந்தது. நிறுவனர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் ஒரு பெரிய அழைப்பு வந்தது. பக்கத்து நகரத்தில் ஆயிரம் பேர் நிற்கக்கூடிய அரங்கம், ஆறு குழுக்கள், கடைசியாக அவசரக் கூட்டம். மூன்று வாரம் இருந்தது. பயிற்சி மும்முரமானது. நாலு பேர்: நிறுவனர் கிட்டார், மைத்துனர் டிரம்ஸ்; பாடுகிறவர், டியூஷன் சென்டரில் கணக்கு நடத்தும் வாத்தியார், வாரம் முழுக்க மாணவர்களிடம் குரலை உயர்த்தாமல் சேர்த்து வைத்து ஞாயிறன்று செலவழிப்பவர்; பேஸ் வாசிப்பவர், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் லேப் மேடம், அந்த வரிசையில் பதினோராவது. இந்த அம்மாள் இரண்டு வருஷத்துக்கு முன் தன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிட்டார் வாசிக்கத்தான் வந்தார். "கிட்டார் காலி இல்லைம்மா. காலியாகவும் ஆகாது. பேஸ் எப்பவுமே காலி" என்றார் நிறுவனர். "சரி, அதைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

லிஃப்ட் பாட்டை வாசித்தார்கள். வழவழப்பாகப் போனது. தன் கை இன்று நன்றாக ஓடுகிறது என்று நிறுவனருக்குத் தோன்றியது. இன்னொரு தடவை வாசித்தார்கள். அதுவும் நன்றாகவே ஓடியது. சந்தேகப்பட்டு, மூன்றாவது தடவை கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

ஒரு நிமிஷம் நாலு நொடி.

நிமிர்ந்தார். மைத்துனர் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் தண்ணீர் குடித்தார். லேப் மேடம் சுருதி சரியாக இருந்த கம்பிக்குச் சுருதி பார்த்தார். அவர் கைக்காக மூன்று பேரும் சேர்ந்து பேசிவைத்துத்தான் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். கோபம் வரவேண்டிய இடம். நிறுவனர் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். வரவில்லை.

"ஷோவுக்கு முன்னாடி எல்லாருக்கும் டயர் பார்க்கணும்" என்றார். "முதல்ல நான்."

"அண்ணே, உங்களுக்குத்தான் விலக்கு உண்டே" என்றார் வாத்தியார்.

"அப்படி விதி இருக்கா?"

"விதியை நீங்கதானே போட்டீங்க?"

"அதான் கேக்கறேன். போட்டேனா?"

"எதுக்கு மாமா இப்ப இதெல்லாம்?" என்றார் மைத்துனர். "ஷோ நல்லபடியா முடியட்டும். அப்புறமா..."

"அப்புறமா என்ன மாப்ள?"

மைத்துனர் எழுந்து வாளியைக் கவிழ்த்தார். மற்ற இருவரும் அப்படியே. மூன்று முதுகுகள் வரிசையாக டயர்களைப் பார்த்து உட்கார்ந்தன.

நிறுவனர் இத்தனை வருஷத்தில் இந்தக் காட்சியை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. மைத்துனர் சட்டையில் கிரீஸ். வாத்தியாருக்குப் பின்மண்டையில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. லேப் மேடம் முதுகை நேராக வைத்திருந்தார், பரீட்சை எழுதுவது தான்தான் என்பதுபோல. கடிகாரத்தில் நொடிமுள் பன்னிரண்டைத் தொட்டதும் ஆரம்பித்தார்.

முதல் பத்து நொடி போனது. பிறகு பிக் திரும்பிக்கொண்டது. கம்பியில் மொண்ணையாகப் பட்டது. சரி செய்தார். அடுத்த வரியில் இரண்டு அடி விட்டுப்போனது. இப்படி ஒரு அடி விட்டதற்காக ஏழாவது பேஸ்காரரை அவர் நீக்கியிருக்கிறார். முதுகுகள் அசையவில்லை. பிக் கீழே விழுந்தது. வெறும் நகத்தால் அடித்தார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது. வாத்தியாரின் கழுத்து நரம்பு புடைத்தது. மைத்துனர் ஒரு டயரின் வரிப்பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். யாரும் திரும்பவில்லை.

நிறுவனர் வாசிப்பதை நிறுத்தினார். அப்போதும் யாரும் திரும்பவில்லை.

"முடிஞ்சுதா மாமா?" என்று டயரிடம் கேட்டார் மைத்துனர். "நல்லாத்தானே இருந்துச்சு."

"பாதியிலேயே நிறுத்திட்டேன்டா."

கடைக்கு முன்னால் யாரோ சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. லேப் மேடம்தான் பேசினார், அவரும் டயரைப் பார்த்தபடியேதான். "கொஞ்சம் மெதுவா வாசிச்சா என்ன சார்? ஒரு நிமிஷம் நாலு நொடி. யாரு கடிகாரம் வச்சுப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேன்."

"ஒரு நிமிஷம் இருபதுதான் அண்ணே ஒரிஜினல்" என்றார் வாத்தியார் மெல்ல. "முதல் பாடகர் ஒரு தடவை சொன்னார். லாண்டரி வச்சிருக்காரே, அவர்தான். டெக் கோளாறாம்."

"தெரியும்" என்றார் நிறுவனர்.

அவர்கள் மூவரும் திரும்பிவிடாமல் இருக்கப் பட்ட பாடு அவர்கள் தோளில் தெரிந்தது. டெக் கோளாறு என்று அன்றைக்கே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்தார். மெதுவாக வாசிக்கலாம் என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால் அந்தப் பதினைந்து பேர் எதற்காகப் போனார்கள் என்று ஆகும். ஒவ்வொருவராக வீடு தேடிப் போய், மன்னிக்கவும், அது டெக் கோளாறு என்று சொல்ல வேண்டிவரும். லிஃப்ட் பாட்டில் வருவதுபோல் வருந்தவில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தார்.

கிட்டாரைக் கழற்றினார். லேப் மேடத்தின் தோளுக்கு மேலாக நீட்டினார்.

"எழுந்திரும்மா. வாசி."

"நான் பேஸ் சார்."

"வாசின்னா வாசி."

மேடம் எழுந்தார். காலியான வாளியில் நிறுவனர் உட்கார்ந்தார், மைத்துனருக்கும் வாத்தியாருக்கும் நடுவில். கண் எதிரே ஒரு லாரி டயர். பின்னால் பாட்டு ஆரம்பித்தது. கொஞ்சம் அழுத்தமான கை, அவருடையதைவிடச் சுத்தம். எங்கும் விடவில்லை. இரண்டாவது 'வருந்தவில்லை'க்கும் மூன்றாவதற்கும் நடுவில் அவரே வழக்கமாகக் கொஞ்சம் பூசி மெழுகுகிற இடம் ஒன்று உண்டு; மேடம் அங்கும் பூசவில்லை, மெழுகவில்லை. மிஷினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையில் ஓடிக்கொண்டிருக்குமே, அதுபோல ஏதோ ஒன்று நிறுவனருக்குள் ஓடியது. சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஐம்பத்து மூன்று நொடியில் பாட்டு முடிந்தது. அவர் திரும்பவில்லை.

"பேஸுக்கு என்ன பண்றது மாமா?" என்று கேட்டார் மைத்துனர்.

"பாடிக்கிட்டே நான் பார்த்துக்கறேன்" என்றார் வாத்தியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் நிறுவனர் ஒரு புதுக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டாவது கல் ஓட்டு முடித்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அரங்க நிகழ்ச்சியின் அமைப்பாளர். இதுவரை குறுஞ்செய்தியில் மட்டும் பேசிக்கொண்டவர். போஸ்டர் அச்சுக்குப் போகிறது, பெயர்கள் வேண்டும் என்றார். நிறுவனர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அமைப்பாளர் எழுதிக்கொண்டார்.

"சார், பழைய போஸ்டர்ல கிட்டாருக்கு வேற ஒருத்தர் பேர் இருக்கே?"

"அவர் இப்ப இல்ல."

"விட்டுட்டுப் போயிட்டாரா?"

"இல்ல. நீக்கியாச்சு."

"அடடா. என்ன பிரச்சினை?"

"கை சரியில்ல."

"பாவம். ரொம்ப நாள் இருந்தாரோ?"

"இருந்தார்."

"சரி சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆமா, நீங்க பேண்ட்ல என்ன சார்?"

நிறுவனர் தரையைப் பார்த்தார். இன்னும் ஒரு கல்லும் பவுடரும் பாக்கி.

"நான் போன் எடுக்கறேன்" என்றார்.

அமைப்பாளர் சிரித்துவிட்டு வைத்தார். நிறுவனர் மிஷினுக்கு அடியில் மூன்றாவது கல்லைப் பொருத்தி, பிடித்திருக்கிறதா என்று கண்ணால் ஒரு முறை பார்த்துக்கொண்டு, ஸ்விட்சைப் போட்டார்.